வற்றிய குட்டைக்கு ஓர் எண்

ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் அது வெறும் பள்ளம். அடியில் ஓக் சருகு, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். மனை பிரிக்க வரும் சர்வேயர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் காடுகளில் இப்படிப்பட்ட குட்டைகள் ஏராளம். பனி உருகும்போது நிரம்பும், கோடையில் வற்றும். வற்றுவதால் அதில் மீன் தங்காது. மீன் இல்லாததால்தான் காட்டுத் தவளையும் புள்ளிச் சாலமாண்டரும் முட்டையிட அங்கே வருகின்றன.

மார்ச் கடைசியில், குளிர் சற்றே தணிந்த மழை இரவில், கறுத்த உடம்பில் மஞ்சள் பொட்டு வைத்த சாலமாண்டர்கள் காட்டிலிருந்து ஊர்ந்து வரும். அப்புறம் பார்த்தால், நீருக்குள் கிடக்கும் சுள்ளிகளில் ஜவ்வரிசிக் கஞ்சி உறைந்ததுபோல முட்டைத் திரள். வரைபடத்தில் பின்னால் ஏறப்போகும் புள்ளி பிறப்பது இங்கேதான். அதை ஆதாரமாகப் படமெடுப்பவர் அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியராக இருக்கலாம். பக்கத்து மனையில் வீடு வருவது பிடிக்காதவராகவும் இருக்கலாம். நோக்கம் எதுவானால் என்ன, முட்டை முட்டைதான்.

படமும், இடம் குறித்த வரைபடமும் மாநில மீன்வள, வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்குப் போகும். அங்கே உயிரியலாளர் சரிபார்த்துக் குட்டைக்கு ஓர் எண் தருவார்; குட்டை வரைபடத்தில் புள்ளியாக ஏறும். இதே துறை 2001-ல், மரங்கள் இலையில்லாமல் நின்ற பருவத்து வான்படங்களை ஆராய்ந்து 29,000-க்கு மேற்பட்ட இடங்களைக் ‘குட்டையாக இருக்கலாம்’ என்று குறித்தது. அது சந்தேகப் பட்டியல். எண் வாங்கிய குட்டைதான் சாட்சி சொல்லும்.

துறையின் வேலை பெரும்பாலும் அதோடு சரி. எங்கே வீடு, எங்கே சாலை என்பது 351 ஊர்களின் பாடு. ஊருக்கு ஊர் இயற்கைக் காப்புக் குழு உண்டு. அதற்கான சட்டம் 1957-ல் வந்தது, முதலில் குழு அமைத்தது இப்ஸ்விச். புள்ளி ஊரின் மேசைக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. கழிவுநீர் உறிஞ்சுகுழி 100 அடி தள்ளிப் போக வேண்டும். மழைநீர் வடிகாலை நேரே அதில் திருப்பிவிட முடியாது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. வேறு நீர்நிலையோடு சேராத தனிக்குட்டை, வருஷத்தில் ஒரு தடவையாவது கால் ஏக்கர்-அடி (கால் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் நிற்கும் அளவு) தண்ணீர் கொள்ளவில்லையானால், மாநில ஈரநிலச் சட்டம் அதைக் கண்டுகொள்ளாது. அந்தச் சட்டத்தின் முன் எண் இருந்தும் பயனில்லை. அதனால்தான் பல ஊர்கள் கூட்டம் போட்டு, வாக்கெடுத்து, மாநிலத்தைவிடக் கறாராகத் தங்களுக்கென்று விதி எழுதிக்கொண்டன. அதிகாரம் ஊரிடம், ஆதாரம் துறையிடம். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

சாலமாண்டருக்கு 100 அடி போதாது என்பது வேறு சங்கதி. குட்டையில் அது இருப்பது கொஞ்ச காலம். மிச்ச வருஷமெல்லாம் நூற்றுக்கணக்கான அடி தள்ளி, காட்டு மண்ணுக்கடியில் வாசம். 2010-ல் வெளியான ‘பயோமேப்2’ வரைபடம் நெருங்கியிருக்கும் குட்டைகளையும் இடைப்பட்ட காட்டையும் சேர்த்து வரைந்தது. புள்ளி திட்டாக வளர்ந்தது. இப்படிப்பட்ட வரைபடத்துக்குச் சட்ட வலு கிடையாது. எந்தக் காட்டை விலைக்கு வாங்கிக் காப்பது, எந்த மூலையில் வீடுகளை நெருக்கிக் கட்டவிடுவது என்று ஊரார் பேசும்போது விரித்துப் பார்க்க உதவும். அந்தப் பேச்சு பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும். மார்ச் மாதமாக இருந்து மழையும் பிடித்துக்கொண்டால், வீடு திரும்புகிறவர்கள் காரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.