பெயரனும் புதுப்பெயரும்: தமிழ் மக்கட்பெயர் வரலாற்றில் ஒரு கூறு

மகன் மகனையும் மகள் மகனையும் 'பெயரன்' என வழங்குதல் தமிழ் மரபு. பாட்டனது பெயரைத் தாங்கியவன் என்பது இச்சொல்லின் பொருள். இதுவே பிற்காலத்தில் 'பேரன்' என மருவிற்று. நற்றிணையின் 40-ஆம் பாட்டு, புதல்வன் பிறந்த மனையைக் காட்டி, அப்புதல்வனைச் சிறந்தோன் ஒருவனின் பெயரன் என்று கூறி முடிகின்றது. எனவே பழந்தமிழர்க்குப் பெயர் என்பது பெரும்பாலும் புதிதாக ஆக்கப்படுவது அன்று. நிலமும் மனையும் போல வழிவழி வருவது. அங்ஙனமாக, முன்னோர் எவரும் தாங்காத பெயர் ஒன்றைப் பெற்றோர் தாமே ஆக்கிக் குழந்தைக்கு இடும் வழக்கம் தமிழகத்தில் எவ்வாறு வேரூன்றிற்று, அவ்வாறு ஆக்கிய பெயர்களுள் எவை நிலைத்தன, எவை நிலையாதொழிந்தன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். ஊர்ப்பெயர்க்கு ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' வழிகாட்டியாய் அமைந்தது. மக்கட்பெயரும் அத்தகைய ஆராய்ச்சிக்குரியதே.

1. இயற்பெயரும் அடைமொழியும்

தொல்காப்பியப் பெயரியல், உயர்திணைப் பெயர்களை நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் முதலாகப் பகுத்துரைக்கும். இவை காரணம் பற்றி வந்தவை. இயற்பெயர்க்கோ உரையாசிரியர்கள் சாத்தன், சாத்தி, கொற்றன், கொற்றி என்பவற்றையே மீண்டும் மீண்டும் காட்டுவர். சங்கப் புலவர் பெயர்களை நோக்கினும் சாத்தனார் பலர், கண்ணனார் பலர், கீரனார் பலர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்றாற்போல ஊரும் தொழிலும் உறுப்பும் முன்னின்று ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்துக் காட்டின. ஒருவர்க்குரிய தனித்தன்மையைப் பெயர் தரவில்லை, அடைமொழியே தந்தது. ஆகவே புதுப்பெயரின் தேவை அன்று மிகுதியாக உணரப்பட்டிலது.

தொல்காப்பியர் 'ஆடியற் பெயர்' என ஒன்றைச் சுட்டுவர். இளையர் கூடி விளையாடுங்கால் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பெயர் இது என்பர் உரைகாரர். பெயர் படைக்கும் உரிமை அந்நாளில் பெற்றோரினும் பிள்ளைகளுக்கே மிக்கிருந்தது போலும்!

குறுந்தொகையில் வேறொரு வகை காணப்படுகின்றது. இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலர், தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார் எனப் பெயர் பெற்றனர். இவை பெற்றோர் இட்டவை அல்ல. ஆயினும் ஓர் அழகிய தொடர் ஆட்பெயராய் நிற்கவல்லது என்பதற்கு இவை சான்றாம்.

2. நாட்டார் வழக்கில் புதுப்பெயர்

ஏட்டில் இடம்பெறாத புதுப்பெயர்கள் நாட்டுப்புறத்தில் இருந்தன. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் கூற்றுவன் விரும்பாதிருத்தற்பொருட்டுக் குப்பன், குப்பாயி, பிச்சை எனப் பெயரிட்டனர். இழிவு தோன்றும் இப்பெயர்களின் உள்ளே ஒரு தாயின் அச்சமும் அன்பும் உறைகின்றன. இவற்றின் மறுதலையாய் அமைந்தவை 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்பன. பெண்மகவு பல பிறந்த இல்லத்தில், இனி ஆண்மகவே வேண்டும் என்னும் வேட்கை பிறந்த பெண்ணின்மீதே பெயராய்ச் சுமத்தப்பட்டது. முன்னது குழந்தையைக் காக்க இட்ட பெயர். பின்னது குழந்தையை மறுக்க இட்ட பெயர். புதுமை ஒன்றே பெயர்க்குச் சிறப்பாகாது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகளாம்.

3. இருபதாம் நூற்றாண்டின் மூன்று ஊற்றுகள்

இருபதாம் நூற்றாண்டில் புதுப்பெயர் ஓர் இயக்கமாயிற்று. அதற்கு மூன்று ஊற்றுகளைக் காணலாம்.

முதலாவது மொழிபெயர்ப்பு. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என ஆக்கிக்கொண்டார். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த வேதாசலனார் (1876–1950) மறைமலை ஆயினார். தம் மக்கள் பெயரையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். எனினும் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தொகுத்து அகரவரிசை கண்ட அவர்தம் மகளார் நீலாம்பிகை என்னும் பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றார்.

இரண்டாவது மீட்பு. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் பதிப்பித்தார். அதன்பின் ஏட்டுச்சுவடியில் உறங்கிய பெயர்கள் கற்றோர் அனைவர்க்கும் எட்டின. இளங்கோ, கபிலன், பாரி, செழியன், வளவன், அதியமான் என்பன மீண்டும் தொட்டிலேறின. நாராயணசாமி என்பார் நெடுஞ்செழியன் (1920–2000) என்று தம் பெயரை மாற்றிக்கொண்டது இவ்வழியில் நிகழ்ந்ததே. அச்சுப் பொறி இன்றேல் இம்மீட்பு நிகழ்ந்திராது.

மூன்றாவது புனைவு. இராமையா என்பார் அன்பழகன் (1922–2020) ஆனது மொழிபெயர்ப்பும் அன்று, மீட்பும் அன்று, புதிய சேர்க்கை. தமிழ், அன்பு, அறிவு, எழில், தேன், கனி, கயல், மலர் என்பன முன்னும், செல்வன், அரசு, மாறன், மொழி, விழி, குழலி என்பன பின்னுமாகச் சிலவே ஆய சொற்களைக் கொண்டு எண்ணற்ற பெயர்கள் தோன்றின. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' போன்ற புதினங்களின் பாத்திரப் பெயர்களும் இவ்வரிசையிற் சேர்ந்தன.

4. நிலைத்தவையும் நிலையாதவையும்

மறைமலையடிகள் ஆக்கிய பெயர்களுள் மணிமொழி பின்னும் பலர்க்குப் பெயராயிற்று. அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் அங்ஙனம் பரவவில்லை. ஒருவரே ஒரே நோக்குடன் ஆக்கிய பெயர்களுக்கு இவ்வேறுபாடு ஏன்? நம் கருத்தில் விடை இலக்கணத்தில் உளது. மணிமொழி, தேன்மொழி, கயல்விழி என்பன அன்மொழித்தொகைகள். தேன்போலும் மொழியை உடையாள் தேன்மொழி. பொற்றொடி என்று இலக்கண நூலார் காட்டும் பழைய அச்சில் வார்த்தவை இவை. சொல் புதிது, அச்சு பழையது. ஆதலின் கேட்டவுடன் அது பெயரெனச் செவி ஏற்கின்றது. அறிவுத்தொடர்பு என்பதோ வடமொழித் தொடரைச் சொற்குச் சொல் பெயர்த்தது. 'முந்நகரழகி' என்புழி மூலப்பெயரின் தெய்வக் குறிப்பு மறைந்து மூன்று ஊர்களே எஞ்சுகின்றன.

பிறிதொரு காரணம் விளி. பெயர் எழுதுதற்கு முன் அழைத்தற்கு உரியது. விளியேற்றலைத் தொல்காப்பியர் தனியே ஓர் இயலாக வைத்துரைத்தமையும் எண்ணத்தக்கது. வாயிலில் நின்று கூவி அழைக்க இயலாத நெடும்பெயர் பதிவேட்டில் தங்கும். இல்லத்தில் வேறொரு பெயர் வழங்கும்.

இப்புனைவுகளில் ஒரு குறையும் உண்டு. ஆண்மக்கட்கு இட்டவை அரசு, வேந்தன், செழியன், செல்வன் என ஆட்சியும் உடைமையும் சுட்டின. பெண்மக்கட்கு இட்டவை மொழி, விழி, குழலி எனப் பெரிதும் மென்மொழியையும் உறுப்பழகையுமே சுட்டின. தமிழரசி, அறிவுச்செல்வி போன்றவை உளவேனும் பெரும்போக்கு இதுவே. பழைய அச்சு பெயர்க்கு நிலைபேறு தந்ததோடு பழைய நோக்கையும் உடன் கொணர்ந்தது.

5. இழந்ததும் பெற்றதும்

புதுப்பெயர் பெயரன் என்னும் தொடர்பை அறுத்தது என்பது உண்மை. ஆயின் அத்தொடர்பு எல்லார்க்கும் பெருமையாய் இருந்ததோ? பாட்டன் பெயரோடு குலத்தின் உயர்வு தாழ்வும் உடன் வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெயர்க்குப் பின் சாதிப்பட்டம் இடுதலை ஒழிக்கத் தீர்மானித்தது. பட்டம் நீங்கிய பின்னரும் சில பெயர்கள் தாமே குலத்தைக் காட்டிநின்றன. செழியன், தேன்மொழி என்னும் பெயர்களைக் கேட்டு ஒருவரின் குலத்தை அறிதல் எளிதன்று. முன்னோர் பெயரால் தாழ்த்தப்பட்டார்க்கு முன்னோரில்லாப் பெயர் ஒரு விடுதலையாயிற்று.

இதன் எல்லையைத் தொல். திருமாவளவன் பெயரிற் காண்கின்றோம். இராமசாமி என்னும் தம் தந்தையார்க்கு அவர் தொல்காப்பியன் எனப் பெயரிட்டு, அதன் முதலெழுத்துகளையே தம் பெயர்க்கு முன் கொண்டார். பாட்டன் பெயரைப் பெயரன் தாங்கிய நாட்டில், மகன் இட்ட பெயரைத் தந்தை தாங்கினார்.

வழித்தொடர்பு முற்றும் அற்றதென்றும் கூறற்கில்லை. தலைப்பெழுத்து என்னும் வழக்கம் தந்தையின் பெயரை, சில இடங்களில் தாயின் பெயரையும், ஓர் எழுத்தளவிற் காத்து நிற்கின்றது. நினைவின் பொறுப்பைத் தலைப்பெழுத்து ஏற்றமையால், பெயர் விரும்பியவாறு அமையும் உரிமை பெற்றது. ஆயின் அவ்வெழுத்து ஒரு தலைமுறையை மட்டுமே தாங்கும். பாட்டன் பெயர் அதன்கண் இல்லை. பேரன் என்னும் உறவுச்சொல் நிலைத்திருக்க, அதன் பொருள் மட்டும் பல இல்லங்களில் நீங்கிற்று.

இந்நீக்கம் எந்த ஊரில், எந்தக் குடியில், எந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது என்பதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும் பிறப்புப் பதிவேடுகளுமே காட்ட வல்லன. சோழர் கல்வெட்டுகளில் உள்ள மக்கட்பெயர்களைக் கரஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் தொகுத்து 1978-இல் வெளியிட்டனர். அம்முறையில் ஓரூர்ப் பள்ளியின் நூறாண்டுப் பெயர்களைத் தொகுத்து ஆராய்தல் பட்ட மேற்படிப்பு மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.