ஆர்.டி. 350: ஒரு யப்பானியப் பொறியின் இந்திய வரலாறு

ஒரு நாட்டில் புகழ்பெற்ற பொறி பிறிதொரு நாட்டிலும் அவ்வாறே வரவேற்கப்படும் என்பதற்கில்லை. வீதியின் தன்மை, எரிபொருள் விலை, மக்களின் வருவாய் ஆகியனவும் அதன் விதியை நிர்ணயிக்கின்றன. யமஹா நிறுவனத்தின் ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிள் இதற்குத் தக்க சான்றாகும்.

1973 ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வண்டி, பந்தயப் பொறிகளை அமைத்ததன்வழி யமஹா பெற்ற அனுபவத்தின் பேறாகும். 347 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரு உருளைகளும் கொண்ட அதன் ஈரடிப்பு எஞ்சின், நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 39 பரிவலுவைத் தந்தது. எரிபொருட் கலவை பின்னோக்கித் திரும்பாது தடுக்கும் நாக்கு வால்வு, ஆறு கியர்கள், முன்சில்லில் டிஸ்க் பிரேக் என்பன அதன் சிறப்பியல்புகள். பாரங் குறைந்த உடலில் இத்துணை வலு அமைந்தமையால், கொள்ளளவிற் பெரிய வண்டிகள் பலவற்றுக்கும் அது ஈடுகொடுத்தது. 1974 இல் இத்தாலிய வீரர் ஜியாகோமோ அகொஸ்தினி 350 பிரிவின் உலகப் பட்டத்தை யமஹா பந்தய வண்டியிற் சென்று வென்றமை அந்நிறுவனத்தின் புகழை மேலும் உயர்த்தியது.

1983 இல் பரீதாபாத்தின் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் இதனை 'ராஜ்தூத் 350' என்னும் பெயரில் இந்தியாவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. எரிபொருட் சிக்கனங் கருதி வலு ஏறக்குறைய 30 பரிவலுவாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அதனினும் குறைந்த வலுவுடைய வகையும் வந்தது. டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. வலு குறைந்தும் அக்கால இந்திய வண்டிகளுள் அது மிக விரைவானதாகவே விளங்கியது. அவ்வேகத்தை அடக்கும் ஆற்றலோ குன்றியிருந்தது. எரிபொருட் செலவும் உதிரிப்பாகங்களின் விலையும் நடுத்தர மக்களுக்குச் சுமையாயின. 1984 இல் ஓசூரிலிருந்து வந்த இந்த்-சுசுகியும் 1985 இல் வந்த ஹீரோ ஹொண்டாவும் 100 கன சென்ரிமீற்றர் வண்டிகளின் சிக்கனத்தை மக்களுக்கு உணர்த்தின. 1980களின் இறுதியில் ராஜ்தூத் 350இன் உற்பத்தி ஓய்ந்தது. எனினும் சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நிகழ்ந்த பந்தயங்களில் அதன் பெயர் நிலைபெற்றது.

இலங்கையில் 1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வயலுக்கும் சந்தைக்கும் செல்வோர்க்கு உதவியவையும் சிறிய யப்பானிய வண்டிகளே. சிக்கனத்தை நாடுவது வறிய நாடுகளுக்கு இழுக்கன்று. ஆயின் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைக்கலாகாது என்னும் தெளிவு வேண்டும். வலுவைக் குறைத்தால் பயணம் தாமதமாகும். தடுப்பைக் குறைத்தால் உயிருக்கே ஊறு நேரும்.