ஆனையைக் கிட்டப் பார்த்தவர்கள்

தின்னவேலியில இருந்து வில்பத்துக்கு வான் பிடிச்சுப் போற பெடியளுக்கு ஒரே ஆசைதான்: ஆனையையும் சிறுத்தையையும் கிட்டப் பார்க்க வேணும். வழியில் ஆனையிறவு வருது. இறங்கிப் படம் எடுக்கிறம், போரைப் பற்றிக் கதைக்கிறம். அந்த இடத்துக்கு ஏன் ஆனையின் பெயர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த அந்தக் கடல்நீரேரிக்குள் இறக்கி நடத்தித்தான் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் வந்த ஒல்லாந்தரும் வன்னியர்களிடம் யானைகளைத் திறையாக வாங்கினார்கள். கோல்கொண்டாவில் இருந்தும் வங்காளத்தில் இருந்தும் வியாபாரிகள் யாழ்ப்பாணம் வந்து விலை பேசினார்கள். புகையிலை மாதிரி யானையும் எங்கட ஏற்றுமதிச் சரக்கு. கேக்கச் சங்கடமாத்தான் இருக்கும்.

யானை பிடிப்பதில் பேர் போனவர்கள் முஸ்லிம் பணிக்கர்கள். இரண்டே பேர் காற்றின் திசை பார்த்துப் பின்னால் ஊர்ந்து போய், தோல் வார்க்கயிற்றைப் பின்னங்காலில் மாட்டி மரத்தில் கட்டிவிடுவார்கள். கிட்டப் பார்ப்பது எண்டால் அதுதான்! ஜீப்பில் இருந்து 'சூம்' பண்ணுற நாங்கள் எந்த மூலைக்கு?

ஆங்கிலேயர் காலத்தில் கதை மாறியது. யானை விலைபோன காலம் முடிந்து, அதன் தலைக்கு விலை வந்தது. பயிரை அழிக்குது எண்டு சொல்லி, கொன்ற ஒவ்வொரு யானைக்கும் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. அப்போது இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள். வடமாகாணம் எண்டால் எங்கட மாகாணம். இந்த எண்ணை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரேல்லை.

வில்பத்து தேசிய பூங்காவானது 1938இல். போர்க்காலத்தில் நீண்ட நாள் மூடிக் கிடந்து 2010இல் திரும்பத் திறந்தது. இப்ப சிறுத்தை நிக்குது எண்டு செய்தி வந்தால் ஜீப்புகள் வரிசையாக முண்டியடிக்கும்.

ஆனால் யானையை மெய்யாகவே கிட்டப் பார்க்கிறவர்கள் ரிக்கெற் எடுக்காதவர்கள். வன்னியில், நெல் முத்துகிற காலத்தில், யானைவெடியோட இரா முழுக்க வயற்காவலில் முழிச்சிருக்கிற கமக்காரர்கள். அவையளிட்டை ஒருக்கா ஆனையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ.