பேயின் பெயர் கொண்ட உலோகம்

சாக்சனிச் சுரங்கத் தொழிலாளர் செந்நிறத் தாதுவொன்றைச் செம்பென நம்பி உருக்கினர், செம்பு கிட்டவில்லை. ஏமாற்றிய குறும்புப் பேயின் பெயரால் அதனைக் 'குப்பர்நிக்கல்' என்றழைத்தனர். 1751-இல் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் புதிய உலோகமொன்றைப் பிரித்தெடுத்தார். அவ்வுலோகம் அத்தாதுவிலும் இருந்தமையால், செம்பைக் குறித்த 'குப்பர்' நீங்கி 'நிக்கல்' நிலைத்தது. ஹைட்ரஜன் என்னும் பெயரோ, 1787-இல் பிரெஞ்சு வேதியியலார் 'நீரைப் பிறப்பிப்பது' என்று எண்ணி அமைத்தது. நம் கலைச்சொல்லாளர் ஆக்கிய 'நீரகம்' என்பதிலும் நீர் நிற்கிறது.

இவ்விரு பெயர்களும் இருபதாம் நூற்றாண்டில் ஒரே குழாயினுள் சந்தித்தன. நிக்கலோடு ஏறத்தாழ 15 விழுக்காடு குரோமியமும் சிறிது இரும்பும் கலந்த 'அலாய் 600' அரிப்பைத் தாங்குவது எனக் கருதப்பட்டு, அணுமின் நிலைய நீராவியாக்கிகளில் இடம்பெற்றது. 1959-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி கோரியூ, 350 பாகை செல்சியசில் தூய நீரிலேயே, இழுவிசைக்கு உட்பட்ட இக்கலவை விரிசல் காண்பதை அறிவித்தார். பலர் நம்ப மறுத்தனர். பின்னாளில் இயங்கும் நிலையங்களிலேயே விரிசல்கள் தோன்றின. 2002-இல் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸி நிலையத்தில், விரிசலுற்ற குழாய்வழிக் கசிந்த போரிக் அமில நீர், ஏறத்தாழ 17 செ.மீ. தடித்த உலைமூடி எஃகைக் குடைந்திருந்தது கண்டறியப்பட்டது. ஒரு செ.மீ.கூடத் தடிப்பில்லாத உள்ளுறை மட்டுமே அவ்விடத்தில் எஞ்சியிருந்தது.

இவ்விரிசல் முளைக்க உலைநீரில் பல்லாண்டுகள் ஆகலாம். ஆகவே ஆய்வாளர் 400 முதல் 480 பாகை வரையிலான வெப்பத்தில், ஹைட்ரஜன் கலந்த நீராவியில் மாதிரியை வைத்து மெல்ல இழுக்கின்றனர். ஹைட்ரஜன் போதிய அளவில் இருந்தால் நிக்கல் ஆக்சிஜனேறாது, குரோமியமோ ஆக்சிஜனேறும். ஆக்சிஜன் உலோக மணிகளின் எல்லை வழியே உட்புகுந்து அவ்வெல்லையை நொறுங்கச் செய்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். குரோமியம் ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்த 'அலாய் 690' பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

இந்நிகழ்வைத் தமிழில் 'தகைவரிப்பு விரிசல்' எனலாம். தகைவு மட்டுமன்று, அரிப்பு மட்டுமன்று, இரண்டும் கூடியே உடைக்கின்றன என்பதை இச்சொல்லே கூறிவிடுகிறது. சுரங்கத்தார் அறியாததற்குப் பேயின் பெயரிட்டனர். அறிந்ததற்கு நாம் காரணத்தின் பெயரிடுவோம். கொதிகலன் அருகே பணிபுரியும் நம் பிள்ளைக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று அச்சொல் உணர்த்தும்.