மஞ்சள் பூவெல்லாம் பொற்றலைக் கையாந்தகரை அல்ல: ஒத்த செடிகளைப் பிரித்தறிவது எப்படி?

நிலத்தோடு படர்ந்து மஞ்சளாய்ப் பூத்திருக்கும் செடியைக் கண்டதும் பொற்றலைக் கையாந்தகரை என்று பறித்துவிடுவது எளிது. ஆனால் அதே சாயலில் இன்னும் இரண்டு செடிகள் இலங்கையில் உண்டு. ஒன்று அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஆக்கிரமிப்புச் செடி, மற்றது கடற்கரைச் செடி. அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் மூலிகை தெரிந்த முதியவர்களை இழந்த குடும்பங்களில், செடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர ஆளில்லாமல் போய்விட்டது. எனவே வேறுபாடுகளை எழுத்தில் வைத்திருப்பது அவசியம்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்துப் பல்லாண்டுச் செடிகள். ஒருகாலத்தில் மூன்றும் ‘வெடேலியா’ என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1996இல் தாவரவியலாளர் ஜோன் புருஸ்கி மூலிகையையும் ஆக்கிரமிப்புச் செடியையும் ‘ஸ்பாக்னெட்டிகோலா’ பேரினத்துக்கு மாற்றினார். கடற்கரைச் செடி இன்று ‘வொல்லஸ்டோனியா’. ஆகவே ஒரு நூலிலோ மருந்துப் போத்தலிலோ வெடேலியா என்று மட்டும் இருந்தால், எந்தச் செடி என்று சொல்ல முடியாது.

பூவை விட்டு இலையைப் பாருங்கள்

மூன்றின் பூக்களும் ஏறத்தாழ ஒன்றுபோலிருப்பதால் பூவை நம்பிப் பயனில்லை. இலையே சாட்சி.

பொற்றலைக் கையாந்தகரை (ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா): இலை ஒடுங்கி நீண்டது. விளிம்பு வெட்டின்றியோ, ஓரிரு சிறு பற்களுடனோ இருக்கும். தடவினால் சொரசொரக்கும். வயல் வரம்பு, வாய்க்கால் கரை போன்ற ஈரநிலங்களில் படரும். சிங்களத்தில் ‘ரன்வன் கிகிரிந்திய’ என்பர்.

ஆக்கிரமிப்புச் செடி (ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா): இலை அகன்று, சற்றுத் தடித்து, மேற்புறம் பளபளக்கும். பெரும்பாலான இலைகள் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அழகுக்காகத் தோட்டங்களிலும் வீதியோரங்களிலும் நடப்பட்டுத் தரையை மூடிப் பரவும்.

கடற்கரைச் செடி (வொல்லஸ்டோனியா பைஃப்ளோரா): இலைக்குத் தெளிவான காம்பு உண்டு. முட்டை வடிவில், நுனி கூராக, விளிம்பு பற்களுடன் இருக்கும். அடியருகிலிருந்து மூன்று நரம்புகள் எழும். தரையோடு நில்லாமல் பற்றைகள் மேல் ஏறும்.

வெள்ளைப் பூக் கையாந்தகரை இவற்றில் சேராது. அது ‘எக்லிப்டா’ என்ற வேறு பேரினம். பூ மிகச் சிறியது, இலையைக் கசக்கினால் சாறு கறுக்கும்.

ஒரே இலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ட்ரைலோபாட்டாவின் சில இலைகளில் மடல் தெரியாது. ஒரு கொடியில் பத்து இலைகளையாவது பாருங்கள். தென்சீனாவில் இவ்விரு ஸ்பாக்னெட்டிகோலா இனங்களும் இயற்கையாகக் கலந்து கலப்பினம் தோன்றியிருப்பதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. இரண்டும் அருகருகே வளரும் இடத்தில் இடைப்பட்ட இலைகளைக் கண்டால் மருந்துக்கு எடுக்காதீர்கள்.

ஏன் இந்தக் கவனம்?

வெடேலோலக்டோன் என்ற வேதிப்பொருளுக்குப் பெயர் கொடுத்ததே பொற்றலைக் கையாந்தகரைதான். சித்த, ஆயுர்வேத மருத்துவம் குறிப்பிடுவதும் இதையே. அதன் இடத்தில் வேறொன்றைக் காய்ச்சிக் குடிப்பது மருந்தாகாது. உள்ளுக்குச் சாப்பிடுமுன் செடியைப் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் காட்டுங்கள்.

ட்ரைலோபாட்டா, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தண்டுத் துண்டு ஒன்று ஈரமண்ணில் விழுந்தாலே கணுவில் வேர்விடும். வெட்டிய கொடிகளை வாய்க்காலிலோ குளக்கரையிலோ கொட்டாமல், வெயிலில் நன்றாகக் காயவிட்டு அழியுங்கள். அது மூடும் ஈரநிலங்களில் நமது மூலிகைக்கு இடமிருக்காது.

இறுதியாக ஒன்று: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளிலும், இன்னும் துப்புரவாக்கப்படாத பற்றைகளிலும் மூலிகை தேடி இறங்காதீர்கள். அடையாளம் உறுதியான ஒரு கொடியை வளவில், கிணற்றடி ஈரத்தில் நட்டுவைத்தால் போதும். பிள்ளைகளுக்குக் காட்டவும் அதுவே உதவும்.