கல் சொன்னதும் பாட்டி சொன்னதும்

பேரிடரை நினைவில் வைத்திருப்பது வேறு. அது கற்பித்த பாடத்தை நினைவில் வைத்திருப்பது வேறு. இரண்டுக்கும் இடையிலான தொலைவை நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரையிலேயே காணலாம்.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. அலை மணலை அரித்துச் சென்றதில், மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. பல்லவர் காலக் கட்டுமானத்தின் அடியில், அதற்கும் முந்திய செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. மணலும் சிப்பியும் கலந்த படிவுகளைக் கண்ட ஆய்வாளர்கள், பழங்காலத்திலும் பேரலை அக்கோயிலை அழித்திருக்க வேண்டும் எனக் கருதினர்.

'கடல்கோள்' என்பது பழந்தமிழ்ச் சொல். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. ஆயினும் 2004இல் கடல் உள்வாங்கியபோது, அதை வேடிக்கை பார்த்து நின்றோர் பலர். நிகழ்ச்சி ஏட்டில் நிலைத்தது. எச்சரிக்கை மக்கள் நாவில் நிலைக்கவில்லை.

சுமத்ராவை ஒட்டிய சிமியுலு தீவின் கதை வேறு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அத்தீவை 1907இல் பேரலை தாக்கியது. பிழைத்தோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பாட்டிமார் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகளுக்குப் பின் அலை மீண்டும் வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் உயிரிழந்தோர் 7 பேர் மட்டுமே.

முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைக் கண்டு படிப்பினை பெறுமாறு குர்ஆன் நம்மை அழைக்கிறது. கடலில் மாண்டோர் மீது தீர்ப்புச் சொல்வது அந்தப் படிப்பினை ஆகாது. நீரில் மூழ்கி இறப்போரை ஷஹீத்களில் சேர்த்துச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இருப்போரைக் காக்கவே படிப்பினை தேவை.

ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எனினும் கரையில் விளையாடும் பிள்ளைக்குப் பெற்றோரின் சொல்லே முதல் எச்சரிக்கை. 2004க்குப் பின் பிறந்த நம் பிள்ளைகள் அந்தக் காலையை அறியார். விடுமுறையில் அவர்களை மாமல்லபுரம் அழைத்துச் செல்லும்போது, சிற்பங்களைக் காட்டுவதோடு இதையும் சொல்லி வைப்போம்: நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காதே, உடனே மேட்டுக்கு ஓடு.