லேப்டாப்பில் டச்பேட், கீபோர்டு வேலை செய்யவில்லையா? கடைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அண்ணனுக்குக் கிடைத்த லேப்டாப்பில் இன்று தங்கை படிக்கும் வீடுகள் சோழவரம் பகுதியிலும் உண்டு. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் கீபோர்டு நின்றுபோனால் வீடே பதறிவிடும். 'கீபோர்டையே மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். கோளாறு மென்பொருளிலா, கருவியிலா என்பதை முதலில் நாமே கண்டறியலாம்.

1. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஷட்டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டிருக்கும். ரீஸ்டார்ட்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும்.

2. டச்பேட் மட்டும் நின்றிருந்தால், மேல் வரிசையில் டச்பேட் படம் உள்ள விசையை எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்துங்கள். கை தவறி அணைக்கப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸில் டச்பேட் பகுதியையும் பாருங்கள்.

3. எழுத்துக்குப் பதில் எண் வந்தால் நம்லாக்கை அணையுங்கள். விசையை வெகுநேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறதா? வலது ஷிப்ட் விசையை 8 விநாடி அழுத்தினால் ஃபில்டர் கீஸ் இயங்கிவிடும். செட்டிங்ஸில் அதை நிறுத்துங்கள்.

4. அவசர வேலைக்கு யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் போதும். மவுஸ் மட்டும் இருந்தால், பாஸ்வேர்டு கேட்கும் திரையின் கீழ்மூலையில் திரை விசைப்பலகையைத் திறக்கலாம்.

5. லேப்டாப்பை இயக்கியவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் (நிறுவனத்திற்கேற்ப மாறும்) அழுத்திப் பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். அங்கே விசைகள் வேலை செய்தால் கீபோர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அதன் டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் மீண்டும் நிறுவிக்கொள்ளும். அங்கேயும் அசையாவிட்டால் கருவிக் கோளாறாக இருக்கலாம்.

தேநீர் சிந்திவிட்டால் உடனே சார்ஜரைக் கழற்றி, பவரை அணைத்து, கவிழ்த்து வையுங்கள். 'காய்ந்துவிட்டதா' என்று ஆன் செய்து பார்க்காதீர்கள்.

மிக முக்கியமானது: டச்பேட் மேலே உப்பியிருந்தாலோ, அழுத்த முடியாமல் இறுகியிருந்தாலோ, அடியில் உள்ள பேட்டரி வீங்கியிருக்கலாம். அது தீப்பிடிக்கக்கூடும். சார்ஜ் போடாமல், அமுக்காமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கடையில் கொடுக்கும் முன் குடும்பப் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்வோம். எந்தச் சோதனையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள்; தேவையில்லாத செலவு மிச்சமாகும்.